விதி எண் இல்லாத ஒரு குறிப்பு

திருப்பதியில் ஒரு கல்லூரியில், எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ரிடையர் ஆனவள் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபைலும் பிரின்சிபால் மேஜைக்குப் போகாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அந்தத் திமிரில் செய்த ஒரு தப்பை, இப்போது ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மாவி மேடம் மிசோரமிலிருந்து வந்த பிசிக்ஸ் லெக்சரர். ஐஸ்வாலில் தனியாக இருந்த அவருடைய அம்மாவுக்கு இதய நோய். மாவி குடியிருந்தது திருச்சானூரில் ஒற்றை அறையில். பெரிய வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் எந்த நாடு என்று விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். காலேஜ் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு காலியாக இருந்தது. ப்ரொபேஷன் முடிந்ததாக ஆர்டர் வந்தால் அது அவருக்குத்தான். அம்மாவை அழைத்து வந்துவிடலாம்.

அந்த ப்ரொபேஷன் ஃபைல் என்னிடம் வந்தது. சர்டிபிகேட் எல்லாம் சரியாக இருந்தன. போட்டோவைப் பார்த்தேன். நோட் ஷீட்டில், "இவர் இந்தியர்தான் என்பதற்கு விதிகளின்படி ஆதாரம் பெறலாம்" என்று எழுதி, ஐஸ்வால் கலெக்டருக்கு லெட்டர் போட்டேன். அதுவரை வேறு யாருக்கும் அப்படி எழுதியதில்லை. ஆதார், வோட்டர் ஐடி எல்லாம் எடுத்துக்கொண்டு மாவி இரண்டு முறை வந்தார். "கலெக்டர் பதில் வரட்டும் மேடம்" என்று திருப்பி அனுப்பினேன்.

நான்கு மாதம் ஆகியும் பதில் வரவில்லை. குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டியில் அடுத்தவருக்குப் போய்விட்டது.

ரிமைண்டர் அடிக்கும்போது எங்கள் டைப்பிஸ்ட் மல்லிகா கேட்டாள். புத்தூர்க்காரி. என்னோடு தமிழில்தான் பேசுவாள்.

"யக்கா, விதிகளின்படின்னு கீதே, ரூல் நம்பர் இன்னா போடறது?"

"இரு, பாத்து சொல்றேன்."

சாப்பாட்டு நேரம் முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு ரூலே இல்லை.

"இல்லாத ரூலுக்கா அந்தம்மாவ நாலு மாசமா அலைய வுட்டோம்?" என்றாள் மல்லிகா.

மரியாதைக்காக 'வுட்டோம்' என்றாள். விட்டது நான். அதுவும் நான் நகரிக்காரி. வேலையில் சேர்ந்த புதிதில், "அரவ அம்மாயி, மெட்ராஸுக்குப் போக வேண்டியதுதானே" என்று, தமிழ்ப் பெண் என்பதற்காகவே கேட்டவர்கள் உண்டு. நகரி ஆந்திராவில்தான் இருக்கிறது என்று மேப் காட்டாத குறை. அப்படிப்பட்ட நான் இன்னொருத்தியிடம் அதையே கேட்டிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். "ஆதாரம் பெறப்பட்டதுன்னு ஒரு வரி எழுதுங்க, முடிஞ்சுபோச்சு. உங்க பேரை எதுக்குக் கெடுத்துக்கறீங்க?" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

லேபுக்குப் போய் மாவியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரின்சிபால் சொன்ன வழியையும் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்.

"அப்படி எழுதாதீங்கம்மா. ஆதாரம் கேட்டது சரிதான்னு ஆயிடும். நாளைக்கு எங்க பக்கத்துலேர்ந்து வர்ற பொண்ணுகிட்டயும் இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேப்பாங்க."

உண்மைதான். ஆபீஸில் ஒரு முறை எழுதியது அடுத்த ஃபைலுக்கு முன்னுதாரணம். பக்க எண் போட்ட நோட் ஷீட்டைக் கிழிக்கவும் முடியாது. என் குறிப்புக்குக் கீழேயே எழுதினேன்: "மேற்கண்ட குறிப்புக்கு விதி எதுவும் இல்லை. சந்தேகம் என்னுடையது. தவறும் என்னுடையது." பிரின்சிபால் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றே ஆர்டர் போனது.

அடுத்த வீடு காலியாக எட்டு மாதம் ஆனது. மாவியின் அம்மா வந்த அன்று நானும் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போனேன். என்னைப் பற்றி மகள் என்ன சொல்லியிருந்தாரோ, அந்த அம்மா இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டேன்.

யார் மீதாவது சந்தேகம் வந்தால் முதலில் ரூல் நம்பரை எழுதுங்கள். நம்பர் கிடைக்காவிட்டால் பேனாவை மூடிவிடுங்கள். மாவி இன்றும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அது அவருடைய பெருந்தன்மை. அம்மாவும் மகளும் பிரிந்திருந்த அந்த ஒரு வருஷத்தை, நான் எந்த நோட் எழுதியும் திருப்பித் தர முடியாது.