ஐந்தில் ஒரு பங்கு

நான் ஒருநாளும் மெலிந்த பெண்ணாக இருந்ததில்லை. கலியாணமான புதிதில் என்னைச் சைக்கிளில் ஏற்றிய கணவர், நாலடி போவதற்குள் இறங்கி டயரை அமத்திப் பார்த்த மனிதர். தொண்ணூறுகளில் பேர்லினுக்கு வெளியே, ஷோனெஃபெல்டுக்கும் அப்பால், ஒரு குதிரை லாயத்தில் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. குதிரைக்குக் கீழே கிடப்பதை அள்ளுவதற்குத்தான் நான் போனேன். மேலே ஏறுவதைப்பற்றி யார் கண்டது!

அந்த ஆசையை மூட்டியது கொப் என்கிற வகைக் குதிரை ஒன்று. வேல்ஸ் நாட்டு இனம். மட்டக்குதிரை என்று சொன்னால் கோபிக்கும், பெரிய குதிரை என்று சொன்னால் பொய்யாகும், அப்படி ஒரு உயரம். முதுகு என் நாடியளவில் நிற்கும். கால்களோ உரல்கள். பக்கத்துக் கூடுகளில் நின்ற நெட்டைக் குதிரைகள் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே துள்ளிக் குதிக்கும். இவன் அந்தப் பையை வாயில் எடுத்து, தின்னலாமா என்று சப்பிப் பார்ப்பான். அவனுடைய அந்த அமைதியில் நான் மயங்கிப்போனேன் என்றே சொல்லவேண்டும். ஒருமுறையாவது அவன்மேல் ஏறிப் போகவேண்டும் என்று வீட்டில் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? அந்தச் சீவன் முறிஞ்சு விழப்போகுது," என்றார் கணவர்.

"இஞ்சரப்பா, முறியுமோ முறியாதோ எண்டு குதிரைக்காரியைக் கேக்கிறன். நீங்கள் சும்மா இருங்கோ."

வாயால் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று உண்மையாகவே எனக்கு நொந்தது. பிள்ளைப் பருவத்து ஊஞ்சலிலிருந்து பேர்லின் பஸ் இருக்கை வரைக்கும், நான் உட்காரப் போனால் யாராவது ஒருவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கு ஓடாத ஒரு முதுகு எனக்கு வேண்டியிருந்தது.

முதலாளி அம்மா அறுபதை நெருங்கிய ஜேர்மன்காரி. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். நான் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்க்காமல், "நிறை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

அங்கேதான் என் கெட்டித்தனம் காலை வாரியது. அந்த ஊர்ச் சந்தையில் செர்ரிப்பழத்தை ஃபுண்ட் கணக்கில்தான் கேட்பார்கள். ஃபுண்ட் என்றால் நம்முடைய இறாத்தல், அதாவது இங்கிலீசுக்காரரின் பவுண்டுதான் என்று வந்த நாள் முதல் நம்பியிருந்தேன். என் நிறை எழுபத்தெட்டுக் கிலோ. ஊர்க்காரியைப்போலப் பேசிக் காட்டுவோமென்று, பள்ளிக்கூடத்தில் படித்தபடி இரண்டு தசம் இரண்டால் பெருக்கி, "நூற்றெழுபத்திரண்டு ஃபுண்ட்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "முடியாது. ஒரு கிலோ கூடிவிட்டது."

கோபமோ கேலியோ இல்லாமல் விளக்கினார். நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளந்து பார்த்தால் அவனுக்கு நானூற்றெழுபது கிலோ வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அவன் முதுகில் அவர் ஏற்றுவதில்லை. அந்தப் பங்கு தொண்ணூற்றுநாலு. சேணமும் மற்றச் சாமான்களும் ஒன்பது கிலோ. குட்டை முதுகும் தடித்த கால் எலும்பும் உள்ள இவன், தன்னைவிட உயரமான குதிரைகளைக் காட்டிலும் நன்றாகவே சுமப்பான். ஆனால் வயதும் போகிறது. முடியாது என்றதே என் காதில் நின்றதால், அந்த இலக்கங்களை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

"ஒரு கிலோதானே, அவன் என்ன செய்துவிடுவான்?" என்றேன்.

"ஒன்றும் செய்யமாட்டான். சுமப்பான். நோகிறது என்று வாய் திறந்து சொல்லவா போகிறான்? அதனால்தான் நான் சொல்கிறேன்."

பிறகு, தன்னுடைய நிறை எண்பத்தொன்பது என்றார். ஒரு நோய்க்கு எடுத்த மருந்தில் உடம்பு பெருத்துவிட்டதாம். குட்டியாக வாங்கி, தானே பழக்கி, வருடக்கணக்காக ஏறித் திரிந்த குதிரை அது. இப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார். அவருடைய லாயம், அவருடைய குதிரை. ஏறினால் தட்டிக் கேட்க அங்கே ஒரு குருவிகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் அப்படியே அடங்கிவிட்டது. இப்படி ஒரு நேர்மையை நான் பெரிய மனிதர்களிடம்கூடக் கண்டதில்லை.

ஆனாலும் ஆசை அடங்கவில்லை. ஒரு கிலோவைக் கரைக்கிறேன் என்று புட்டை விட்டேன், பாணில் பட்டர் பூசுவதை விட்டேன். கணவர் எதிரே இருந்து இரண்டு பங்கு சாப்பிட்டார்.

அடுத்த கிழமை தீவன மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். மூட்டையில் இருபத்தைந்து கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அந்த ஐம்பது ஃபுண்ட் மூட்டையை இங்கே தள்ளு," என்றார் முதலாளி அம்மா.

"ஐம்பத்தைந்து," என்று திருத்தினேன்.

"ஐம்பது. ஒரு கிலோவுக்கு இரண்டு ஃபுண்ட். நீ எந்த நாட்டு ஃபுண்டைச் சொல்கிறாய்?"

மூட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஜேர்மன்காரரின் ஃபுண்ட் சரியாக அரைக் கிலோ. நம்முடைய இறாத்தல் அதைவிடச் சிறியது. நான் சொன்ன நூற்றெழுபத்திரண்டை அவர் எண்பத்தாறு கிலோ என்று எடுத்திருக்கிறார். நானே என் வாயால் எனக்கு எட்டுக் கிலோ ஏற்றிவிட்டிருக்கிறேன்! விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நெட்டைக் குதிரைகள் எல்லாம் கலவரப்பட்டன. சேணத்தை என் கையில் தந்து, தீவனத் தராசில் என்னை ஏற்றிவிட்டார். முள் தொண்ணூறுக்குக் கீழே நின்றது. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

படி வைத்து ஏறினேன். மூச்சை இழுத்துப் பிடித்தால் பாரம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ, பிடித்துக்கொண்டேதான் ஏறினேன். அவன் ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினான். பிறகு, தன் பாட்டில் நடந்தான். அந்த முதுகு நெளியவுமில்லை, முனகவுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை பெய்த பாதை. முதலாளி அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். அடிக்கடி நின்று அவன் விலாவில் கை வைத்து மூச்சைப் பார்த்தார். ஒரு வளைவு வந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர நாணல். நடந்து போகிறவர்களுக்கு அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மேலேயிருந்து இன்னும் ஏரி தெரிகிறதா?"

"ஓம், தெரியுது," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.