நாற்பத்தொரு தடவை திறந்த படம்

லிஃப்ட் மெக்கானிக்குகளில் பெரும்பாலானவர்கள் ரிப்பேர் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவன் அப்படியில்லை. என்ன பழுது, எப்படிப் பிடித்தேன், எந்த போல்ட் எத்தனை வருஷமாகத் தேய்ந்திருந்தது என்று யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. வீட்டில் பெண்டாட்டி எத்தனை நாள்தான் கேட்பாள்? "நம்ம வீடு தரைத்தளம்ங்க, எனக்கு எதுக்கு லிஃப்டு" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கினான்.

ஆயத்தமாகக் கிடைக்கிற எதையும் வாங்கவில்லை. தானே படித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுதி, எழுதினதை அப்படியே ஏற்றுவான். பின்னால் எந்த இயந்திரமும் ஓடாது. வைத்தது வைத்தபடி கிடக்கும். ஏன் இப்படி மாரடிக்கிறாய் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு தெரியாத எதுலயும் நான் ஏறமாட்டேன்" என்பான். பெரிய வசனம்தான். அவனுக்கே அதில் ரொம்பப் பெருமை.

தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தபோதுகூட, திறந்ததும் தெரிகிற மாதிரி தன் பக்கத்தை முகப்பில் ஒட்டிக் கொடுத்தான். "லிஃப்டுல பாக்கறதுக்கு என்னடா இருக்கு" என்றாள் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆறு வருஷம் எழுத்தாகவே இருந்த பக்கத்தில் படங்களும் வேண்டும் என்று சில மாதத்துக்கு முன்னால் ஆசை வந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினான். படங்களை ஒரு பெட்டியில் போட்டால் போதும், அதுவே ஒவ்வொன்றுக்கும் சின்னப் பிரதி எடுத்து வரிசையாக அடுக்கி, பக்கமாகக் கோத்துக் கொடுத்துவிடும். சின்னப் படத்தைத் தொட்டால் எடுத்த படம் எடுத்தபடி பெரிதாகத் திறக்கும். பல்சக்கரத்தின் தேய்மானம் தெரியவேண்டாமா? மோட்டார் அறைகள், கதவுகள், ஜன்னல்கள் என்று நாற்பது நாளைக்கு முன்னால் மூன்று தொகுப்பு போட்டான். ஜன்னல் எதற்கு என்றால், வெளிச்சம் நன்றாக விழுந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது.

அந்த ஜன்னல்களில் மூன்றாவது அவன் தங்கையின் சமையலறை ஜன்னல். தங்கைக்கு வயது முப்பத்திரண்டு, இன்னும் எல்லோருக்கும் பாப்பாதான். கட்டினவன் அடித்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியே வந்தவள். முதலில் ஒளிந்திருந்த வீட்டின் விலாசம் அம்மாவுக்குத் தெரியும். அந்த ஆள் அம்மாவின் வாசலில் வந்து நின்று அழுதான். மாப்பிள்ளை அழுகிறானே என்று அம்மா மனசு இளகிச் சொல்லிவிட்டாள். மறுநாள் பாப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா நான் சொல்லிடுவேன்." அன்றிலிருந்து பாப்பா எந்த ஊரில் இருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. பதினாலு மாதமாக இரண்டு பேரும் பேசவும் இல்லை. நலம் விசாரிப்பெல்லாம் இவன் வழியாகத்தான்.

ஜன்னலைப் படம் எடுக்கப் பாப்பா ஒரே நிபந்தனை போட்டாள்: முகம் வரக்கூடாது, தெரு வரக்கூடாது. இரண்டும் வரவில்லை. ஜன்னல் சட்டத்துக்கு வெளியே வானம், உள்ளே ஒரு கள்ளிச்செடி, கவிழ்த்து வைத்த டம்ளர், ஒரு கைப்பிடித்துணி, அவ்வளவுதான்.

சம்பவம் நடந்த அன்று பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் தனியாக இருந்தான். பிரேக்கைக் கழற்றித் தரையில் விரித்த காகிதத்தில் வரிசையாக வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன் போனைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். தான் நில அளவை வேலை பார்ப்பதாகவும் படத்தொகுப்பு அருமை என்றும் எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: "ஒரு விஷயம் கவனித்தீர்களா? பெரிய படங்களுக்குள் அவற்றை எடுத்த இடம் பதிவாகி இருக்கிறது. மூன்றாவது ஜன்னல், ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டடம், சரிதானா?"

சரிதான். மஞ்சள் கட்டடம்தான்.

சின்னப் பிரதிகளில் எதுவும் இல்லை, அதை அப்போதே சோதித்திருந்தான். ஆனால் தொட்டால் திறக்கிறதே மூலப்படம், அதற்குள் போன் தன்பாட்டுக்கு எழுதிவைத்ததை இந்த மகானுபாவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஏறமாட்டானாம். தங்கையை ஏற்றிவிட்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போன் போட்டான். "கம்ப்யூட்டரைத் திற. கேள்வி கேக்காத. ஜன்னல்னு இருக்கற பெட்டி முழுசையும் அழி."

"பாஸ்வேர்ட் என்ன?"

"பாப்பா பொறந்த தேதி."

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு. எங்கயாவது ஒரு மூலையில என் பொறந்த தேதிய வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி. கேட்டுக்கொண்டே அழித்தும் முடித்தாள். அவன் விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. யார் யார் பார்த்தார்கள் என்று வருகைப் பதிவைத் திறந்து படிக்கச் சொன்னான்.

"முதல் ஜன்னல் ரெண்டு பேரு. ரெண்டாவது மூணு. மூணாவது..." நிறுத்தினாள். "நாப்பத்தொண்ணு."

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாக்கறேன். தினமும் காலையில ஒரு தடவை. ஒரே ஒரு நாள் ரெண்டு தடவை. வேற ஊர்லேர்ந்து ஒரு தடவை திறந்திருக்கு, அது அந்த அளவைக்காரரா இருக்கும், அத நான் சேக்கல. இது எல்லாமே ஒரே போன்."

"எந்த ஊரு?"

"உங்க ஊருதாங்க."

அந்த ஆள் இருக்கும் ஊர். ஒருவன் நாற்பது நாளாக, தினம் தவறாமல், காலையில் எழுந்து பாப்பாவின் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். டப்பாவை மூடிவிட்டான்.

பாப்பாவைக் கூப்பிட முடியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், நாலு மணிக்குத்தான் கையில் வரும். மனைவி அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வேலை நேரத்தில் யாரையும் அழைப்பதில்லை என்று வைத்துவிட்டார்கள். விலாசத்தையே மறைத்து வாழ்கிறவளைப் பற்றி அவர்களிடம் காரணம் சொல்லவும் வழியில்லை.

உடனே கிளம்பவும் முடியவில்லை. அந்தக் கட்டடத்துக்கு அது ஒன்றுதான் லிஃப்ட். ஒன்பதாவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்மணி மூன்று மணிக்கு டயாலிசிஸுக்கு இறங்கவேண்டும். காலையில் அவன்தான் வாக்குக் கொடுத்திருந்தான். உட்கார்ந்து மாட்டினான். பிரேக் இடைவெளியை மெல்லிய அளவுத்தகட்டால் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டியது. திரும்பக் கழற்றினான், திரும்ப மாட்டினான். தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான். காலிப்பெட்டியை மேலும் கீழும் நான்கு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான், அப்போது மணி ஒன்றரை.

பைக்கில் இரண்டு மணி நேரம். எந்த சிக்னலில் நின்றான், எதைத் தாண்டினான் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. முதலில் மஞ்சள் கட்டடத்துக்குப் போனான். மூன்றாவது மாடியில் பூட்டு பூட்டினபடியே இருந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை. அங்கிருந்து சலவைக்கூடத்து வாசலுக்குப் போகும்போது நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

எதிர்ச்சாரியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். அதே தோள், அதே நிற்பு. இவன் பைக் பையில் இருந்த ஸ்பானரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வாழ்க்கையில் யாரையும் ஓர் அறை அறைந்ததில்லை, ஆனாலும் தொட்டான். மணியடித்து ஆட்கள் வெளியே வர, ஒரு பெண் போய் அந்த ஹெல்மெட்காரன் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டாள். ஹெல்மெட் கழன்றது. யாரோ ஒரு கிழவர், மகளைக் கூட்டிப்போக வந்தவர்.

பாப்பா அண்ணனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வேலை நாளில் அவன் வந்தால் நல்ல சேதியாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவன் ஒரே மூச்சில் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. அவள் சுவரோரக் கல்லில் உட்கார்ந்து, முறிந்து சேர்ந்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"முகம் வரலைன்னு சொன்னியேண்ணா."

"வரல."

"இது மூணாவது வீடு. அந்தக் கள்ளிய இப்பத்தான் பெரிய தொட்டிக்கு மாத்தினேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நாப்பது நாளாத் தெரிஞ்சவன் ஏன் இன்னும் வரல? எதுக்குக் காத்துக்கிட்டிருக்கான்?"

அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா. அந்த ஆள் அம்மாவிடம் போய் ஏதோ செய்துவிட்டான் என்றுதான் தோன்றியது. பதறி அழுத்தியதில் ஸ்பீக்கர் பட்டனும் சேர்ந்து அழுந்திவிட்டது.

"டேய், உன் லிஃப்டு பக்கத்துல அந்த ஜன்னலைக் காணோமே. எடுத்துட்டியா?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ஜன்னல்மா?"

"கள்ளிச்செடி வச்ச ஜன்னல்டா. நீதானே போன்ல ஒட்டிக் குடுத்த. எழுந்ததும் அதை ஒரு தடவை பாத்துட்டுத்தான் அடுப்பு பத்தவைப்பேன். சின்னதா இருந்தாக் கண்ணு தெரியல, தொட்டாப் பெருசா வரும். அவ பொறந்தநாளன்னைக்கு ரெண்டு தடவை பாத்தேன். இப்பத் திறந்தா ஒண்ணுமே இல்ல."

"அது அவ வீடுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கைப்பிடித்துணிய மூணா மடிச்சு நுனிய உள்ள சொருகி வச்சிருக்கு. அப்படி மடிக்கிறது நான் ஒருத்தி, அவ ஒருத்தி. எந்த ஊரு, என்ன தெருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். துணி மடிச்சிருக்கா, அது போதும்."

அவன் கேட்டான். "அம்மா, அந்த ஆள் வந்தானா?"

"போன வாரம் வந்தான். வாசல்ல உக்காந்து அழுதான். நான் போனைத் தலைகாணி உறைக்குள்ள போட்டுட்டுத்தான் கதவைத் திறந்தேன். தண்ணி குடுத்தேன். வேற ஒண்ணும் குடுக்கல."

பாப்பா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"ஆனா ஒண்ணுடா. நாப்பது நாளா அதே துணி. படம்தான், எனக்குப் புரியுது, இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. துணிய மாத்தச் சொல்லு அவள. நாறிடும்."

பாப்பா குனிந்து போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"தினமும் துவைக்கிறேம்மா."

இணைப்பு போய்விட்டதோ என்று அவன் திரையைப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அம்மாவின் குரல் வந்தது, அவசர அவசரமாக.

"எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதடி."

"சொல்லலம்மா."

"சொல்லாத. மத்ததெல்லாம் சொல்லு."

அவன் போனைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, பைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். பாப்பா கள்ளிச்செடியிலிருந்து ஆரம்பித்தாள்.