வைசன் மச்சானின் பள்ளிக்கூடம்

வைசன் சவுலாவை இப்போது யாராவது 'சேர்மன்' என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிடாதவர்களைத்தான் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அவர் அத்தை மகன். வடக்கு மலாவியில் எங்கள் ஆட்களுக்குள் மச்சானைக் கிண்டல் செய்ய எவளும் அனுமதி கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று பள்ளிக்கூடம் கட்ட சிமெண்டும் தகரமும் தர ஒப்புக்கொண்டது. செங்கல், மணல், தண்ணீர், உடம்பு உழைப்பு எல்லாம் ஊர் தர வேண்டும், கூலி கிடையாது. அந்த வேலைக்குத்தான் வைசனைத் தலைவராகப் போட்டோம். எங்கள் ஊரை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. அவர் வீடு ரோட்டுப் பக்கம், என் வீடு எதிர்க்கரை. பிள்ளைகள் அதிகம் இருப்பதும் எங்கள் கரையில்தான்.

கோடையில் ஓடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. கூட்டத்தையே ஓடை மணலில்தான் போட்டோம்.

"பள்ளிக்கூடம் ரோட்டுப் பக்கம்தான் வரணும். சிமெண்ட் லாரி இந்த மணலைத் தாண்டாது, புதைஞ்சிடும்," என்றார்.

"வருஷா வருஷம் புகையிலை லாரி எங்க வாசல் வரைக்கும் வருதே மச்சான், அது என்ன பறந்தா வருது?" என்று கேட்டேன்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "இந்த நியாகோண்ட்வேக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்! மழைக்கு முன்னாடி உங்க பிள்ளைங்க கடந்து வர நானே பாலம் போட்டுத் தர்றேன். சாரத்துப் பலகை மிஞ்சும்ல? என் பொறுப்பு."

உண்மைக் காரணம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் அவர் வாசலிலிருந்து தெரிய வேண்டும். ரோட்டில் போகிறவன் 'யார் கட்டினது?' என்று கேட்க வேண்டும். தெரிந்தும் தலையாட்டினோம். அவரைப் போல் ஓடியாடி வேலை வாங்க வேறு யார் இருக்கிறார்கள்?

பொய் சொல்லக் கூடாது, மனுஷன் உழைத்தார். விடிவதற்குள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். தன் வீட்டுக் கூரை பிய்ந்து கிடந்தது, அதைப் பார்க்க நேரமில்லை. ஆனால் நல்ல களிமண் எங்கள் கரையில். செங்கல் அறுத்து, சூளையில் சுட்டு, ஓடையைக் கடந்து தலைச்சுமையாகக் கொண்டுபோனது எங்கள் கரைப் பெண்கள். கழுத்து விண்விண்ணென்று தெறிக்கும். "கல்லு இங்க, கட்டடம் அங்க! எங்க மச்சான் மூளையே மூளை," என்று அவர் காதுபடவே சொல்வோம்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. மிஞ்சிய பலகைகள் திறப்பு விழா மேடைக்குப் போயின. "விழா முடியட்டும், பிரிச்சுப் பாலம் போட்டுடறேன்," என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. காலையில் போய்ப் பார்த்தால், நாங்கள் கூட்டம் போட்ட இடத்தில் செம்மண் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடுகிறது. எங்கள் பிள்ளைகள் புதுச் சீருடையோடு கரையில் நின்றார்கள். அந்தப் பக்கம் விருந்தாளிகள் வண்டியிலிருந்து இறங்கினார்கள். பாவம், பிள்ளைகளுக்கு வேறென்ன தெரியும்? பழகி வைத்திருந்த வரவேற்புப் பாட்டை நின்ற இடத்திலிருந்தே பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாதியைத் தண்ணீர்ச் சத்தம் விழுங்கியது.

விருந்தாளியாக வந்த ஓர் அம்மா, "அந்தப் பிள்ளைங்க வேற பள்ளிக்கூடமா?" என்று கேட்டாராம். அதே நேரம் பிள்ளைகளோடு நின்ற நான் எங்கள் கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

"மச்சான்! லாரி வந்து சேர்ந்துடுச்சு, பிள்ளைங்கதான் வந்து சேரல!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையில் கோட்டும் சூட்டுமாக நின்றவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மழை வரும் என்பது எனக்கு மட்டும் தெரியாதா? நானும்தானே கல் சுமந்தேன்.

பிறகு பாலம் போட்டார். அடுத்த வெள்ளமே அதை அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, காலையிலும் மதியமும் எங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து கடத்துகிறார். தண்ணீர் தொடைக்கு மேல் ஏறினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

இறக்கிவிட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் முட்டி போட்டு, மெல்லக் கை தட்டி அவருக்கு நன்றி சொல்லும். பெரியவர்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். நடந்த கதையை நாங்கள் யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் என்னிடம் வந்தார். "உன் பொண்ணு முட்டி போடும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுது. நடந்ததை நீயாவது பிள்ளைங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"வாய் உங்களுக்கும் இருக்கே மச்சான்," என்றேன். இரக்கமில்லாமல்தான் சொன்னேன்.

மறுநாள் சந்தைக்குப் போக நானும் அவர்கள் பின்னாலேயே ஓடையில் இறங்கினேன். கரையேறியதும் என் மகள் லுசுங்கு முட்டி போட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம்மா, எழுந்திரு. எனக்கு நன்றி சொல்லாதே. பள்ளிக்கூடம் உங்க பக்கம் வர வேண்டியது. என் வீம்புக்கு நான்தான் இங்க இழுத்துட்டேன். நீங்க படற பாடெல்லாம் என்னாலதான்."

லுசுங்கு அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பி ஓடையைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அப்போ நாளைக்குத் தூக்க வர மாட்டீங்களா மாமா?"