லிஃப்ட்காரர் மலை ஏறிய ஞாயிறு

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். முக்காலியில் உட்கார்ந்தபடியே மேலே போவார், உட்கார்ந்தபடியே கீழே வருவார். தொந்தி சட்டைப் பொத்தானுக்கு அடங்காமல் போனபோது டாக்டர், "தினமும் நாலு மாடி படியேறுங்க" என்றார்.

"நானே படியில ஏறினா என் லிஃப்ட்ல எவன் சார் ஏறுவான்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

மனைவி விடவில்லை. "அப்ப மலை ஏறுங்க. அங்க உங்களத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்று தன் தம்பியைத் துணைக்குச் சேர்த்து, ஞாயிறு காலை பஸ் ஏற்றிவிட்டாள்.

காட்டுக்குள் போன பாதை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக நின்றது. மரத்தின் வேர்தான் படிக்கட்டு. முதல் வளைவில் மூச்சு முட்டி நின்றவர், வாய்ப்பழக்கத்தில் சத்தமாக, "முதல் மாடி" என்றார்.

பின்னால் கணவரோடு வந்த ஒரு பெண்மணியும் நின்றாள். "அண்ணே, இன்னும் எத்தனை மாடி இருக்கு?" விளையாட்டுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

"மொத்தம் ஒன்பதும்மா." அவருக்கு வேறு கணக்கு தெரியாது.

இரண்டாம் மாடியில் ஒரு காலேஜ் கும்பல் சேர்ந்துகொண்டது. நாலாம் மாடியில் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஓர் ஆள் போகத்தான் இடம். அவர் கையைக் குறுக்கே நீட்டினார். "எட்டுப் பேருக்கு மேல ஏத்த மாட்டேன். மத்தவங்க அடுத்த நடைக்கு வாங்க."

மற்றவர்கள் முணுமுணுப்பில்லாமல் வரிசையில் நின்றார்கள். மச்சினனும் அதில் மாட்டிக்கொண்டான்.

"மாமா, நான் உங்க கூட வந்தவன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க மாப்ளே."

எட்டுப் பேரை ஐந்தாம் மாடியில் விட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாமல் இறங்கி வந்து மிச்சப் பேரையும் கூட்டிப் போனார்.

ஏழாம் மாடியில் மரங்கள் குட்டையாகி, எட்டில் காணாமலே போயின. ஒன்பதில் புல்வெளி. கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை, நடுநடுவே மஞ்சள் பூ, சட்டையைப் பிடுங்கும் காற்று.

"ஒன்பது. எல்லாரும் இறங்கிக்குங்க."

"தேங்க்ஸ்ண்ணே" என்று கலைந்து போனார்கள். அப்போதுதான் அவருக்குத் திக்கென்றது. சாத்துவதற்குக் கதவு இல்லை. இறக்கிவிட்ட ஆட்கள் அப்புறம் என்ன செய்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததே கிடையாது. இங்கே எல்லாம் தெரிந்தது. அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். அவள் கணவர் பூக்களை எண்ணி, நாற்பதில் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். காலேஜ் பிள்ளைகள் எங்கே உட்காருவது என்று சண்டை போட்டு, கடைசியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவர் பாறைமேல் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமா மாமா?"

"இரு. அந்தம்மா முழிக்கட்டும்."

திங்கட்கிழமை, ஐந்தாம் மாடியில் இறங்கிய ஒருவரின் பின்னாலேயே அவரும் போனார். அந்த ஆள் பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்தார். இவர் பக்கத்தில் நின்று திருப்தியாகப் பார்த்தார்.

"இவர் யாருங்க?" என்றார் பல் டாக்டர்.

"லிஃப்ட்ல கூட வந்தாரு" என்றார் நோயாளி, திறந்த வாயோடு.

கட்டட மேனேஜர் அவரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எட்டாவது மாடிக்கும் ஒருதடவ போய்ப் பாருங்க. அங்க என்ன பண்றாங்கன்னு எனக்கே தெரியல."