முடிவு எழுதாத நாடகம்

சணல் நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் பள்ளி மேடையில் குறுக்காகப் படுத்திருந்தோம். எங்கள் மேல் ஒன்றோடொன்று தைத்த கோணிகள். நாங்கள்தான் மணல்மேடு. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது எங்கள் வேடம். அசையக் கூடாது, தும்மக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. அதனால் அந்த நாடகத்தை நான் பார்க்கவில்லை, காதால் கேட்டதோடு சரி.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. நினைத்ததை விடாதவள். அந்த வருடம் முகத்துவாரம் உண்மையிலேயே தூர்ந்துபோயிருந்தது. கடல் தண்ணீர் வராமல் ஏரி முழங்கால் அளவுக்கு வற்றி வெயிலில் கொதித்தது. இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. எங்கள் ஊரும் அடுத்த குப்பமும் சேர்ந்து வெட்டினால்தான் மண் விலகும். ஆனால் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வதில் தொடங்கிய தகராறு கைகலப்பு வரைக்கும் போயிருந்தது. எங்கள் நைனா, அதாவது அப்பா, ஊர்த் தலைவர். வெட்டப் போகலாமா என்று யார் கேட்டாலும், “மொதல்ல அவங்க வரட்டும்” என்பார். அந்த ஊர்த் தலைவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படித்தது ஒரே பள்ளியில். ஆண்டு விழாவுக்கு ராஜா கதை போடலாம் என்றார் தமிழ் சார். “ராஜாவ யாரு சார் பாத்தா? எங்க ஏரியப் போடறோம்” என்றாள் அக்கா. வசனத்தை யாரும் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிள் கொட்டகையில் கூடி, பேசிப் பேசியே உருவாக்கினார்கள். ஒரு தலைவர் அக்கா, எதிர்த் தலைவர் அடுத்த குப்பத்துப் பையன். கடைசிக் காட்சி மட்டும் இழுத்துக்கொண்டே போனது. மண்வெட்டியை முதலில் எடுப்பது யார்? அவர்கள்தான் என்று எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள். நீங்கள்தான் என்று அவர்கள் சொன்னார்கள். பெரியவர்களின் சண்டை அப்படியே கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விழா நாள் வரை அது தீரவில்லை.

அன்று இரண்டு ஊர்க்காரர்களும் நடுவில் வழி விட்டுத் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். நைனா முன்வரிசையில். அக்கா அவருடைய வேட்டியையே கட்டிக்கொண்டு, மீசை வரைந்து, அவரைப் போலவே பேசுவதற்கு முன் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தாள். இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. நைனா சிரித்தாரா இல்லையா என்று கோணிக்குள் கிடந்த எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காட்சியில் இரண்டு தலைவர்களும் மண்வெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். பிறகு அக்காவின் சொந்தக் குரல் கேட்டது. “இதுக்கு மேல எங்களுக்குத் தெரியல. யாரு மொதல்ல எடுக்கறதுன்னு நாங்களும் அடிச்சிக்கினதுதான் மிச்சம். நீங்களே சொல்லுங்க.”

நாடகம் பாழானது என்றே நினைத்தேன். அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிழைக்கிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். “ஆம்பளைங்க யாரு மொதல்லன்னு பேசிக்கினு இருக்கட்டும். விடிஞ்சா நான் கூடை எடுத்துக்கினு போறேன். யாரு வரீங்க?”

“நான் வரேன்” என்றது எங்கள் பக்கத்துக் குரல் ஒன்று. அது என் அம்மா. நைனா இருக்கும் கூட்டத்தில் அம்மா வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அடுத்தடுத்து இரண்டு பக்கமும் பெண்கள் எழுந்தார்கள். தொண்டை கனைக்கும் சத்தம், இரண்டு தரம். அக்கா மறுபடி நடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் கனைத்தது நைனா. “வெறுங்கூடைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? மண்ணு வெட்ட நாங்களும் வரோம்.”

கோணியை உதறிவிட்டு நாங்கள் எழுந்தோம். மணல்மேடு எழுந்து குதித்ததைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது.

விடிந்ததும் போனார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் அள்ளிக் கொட்ட, வேலை பல நாள் நீண்டது. ஒரு மதியம், கடல் ஏறி வரும் நேரத்தில், கடைசி வரப்பு உடைந்தது. தண்ணீர் வந்த வேகத்தில் இரண்டு தலைவர்களும் சேர்ந்தே விழுந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏரியின் நிறம் எங்கள் கண்ணெதிரே மாறியது.

பொன்னேரியில் நடந்த நாடகப் போட்டிக்கும் அதைக் கொண்டுபோனோம். முடிவு இல்லை என்று நடுவர் பரிசு தரவில்லை. “முடிவு ஏரியில கீது சார், வந்து பாருங்க” என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள். அவள் சொன்னதில் திமிர் இருந்தது. இருக்கட்டுமே என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

அக்கா வாழ்க்கைப்பட்டது அந்த அடுத்த குப்பத்தில்தான். இந்த ஆண்டு அதே நாடகத்தைப் போட விரும்பிய பிள்ளைகள் அவளைத் தேடி வந்து வசனம் கேட்டார்கள். நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னாள். “கடைசியில இன்னா பேசணும்?” என்று ஒரு பெண் கேட்டாள். “கேள்வி மட்டும் கேட்டுட்டு நில்லு. பாக்கறவங்க சொல்லட்டும்” என்றாள் அக்கா.

இப்போது நான் குடியிருக்கும் மீஞ்சூரிலிருந்து நாடகம் பார்க்க நானும் போயிருந்தேன். முதல் முறையாக அந்த நாடகத்தைக் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர்க்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாத கூட்டம். மேடையில் அந்தப் பெண் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் “நாங்க எடுக்கறோம்” என்று நாலா பக்கமும் குரல்கள் எழுந்துவிட்டன. முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.