கடைசி என்று பெயர் வைக்காதவர்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருந்தவரை நாங்கள் எல்லோரும் டைப்பிங் அக்கா என்றே கூப்பிட்டோம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கண்ணாடி தொங்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமித்து, தலையை ஒருமுறை ஆட்டிக்கொள்வார். அவர் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் லிப்ரே ஆபிஸும்தான்.

கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளில் பென் டிரைவோடு அவரிடம் ஓடினேன். அதில் ‘கடைசி’, ‘புதுக்கடைசி’, ‘நிஜக்கடைசி’ என்று மூன்று ஃபைல்கள். நிஜக்கடைசியைக் காட்டினேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது, என் திருத்தங்கள் எல்லாம் புதுக்கடைசியில் இருந்தன. எனக்கு அழுகை முட்டியது.

“அழுவாதீங்க கண்ணு, மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்குது,” என்று சரியானதைத் திறந்தார். பழைய பெயரை அழித்து அன்றைய தேதியைப் போட்டார். “பிரிண்டுக்குக் குடுக்கறப்ப பிடிஎஃப்பா மாத்திக்கோங்க, எழுத்து கலையாது. இன்னொன்னு, கடைசின்னு மட்டும் பேரு வெக்காதீங்க. எது கடைசின்னு நமக்கு அப்பவே தெரியுதுங்களா?”

இப்போதும் என் ஃபைல்களுக்குத் தேதிதான் பெயர். அவரை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. வழக்கம்போல “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பேன்.