சுவரில் இரண்டு காற்றுத் துளைகள்

வெள்ளி காலை ஏழு இருபது. வேலைக்குப் போகப் பின்கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, குப்பை வாளியில் முட்டைக்கோதுகளின் மேல் கிடந்த சிவப்பு அட்டை. முதல் நாள் பிற்பகல் காஸ் கொம்பனி ஆள் அதை ஹீற்றர் குழாயில் கம்பியால் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆபத்து, பற்றவைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. கம்பியைக் குறட்டால் வெட்டியிருந்தார்கள்.

நார்த்மீட்டில் அந்த வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி. சிட்னியில் பழைய வாயுவை நிறுத்தி இயற்கை வாயு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காக வீடு வீடாக வந்து அடுப்பையும் ஹீற்றரையும் மாற்றியமைத்தார்கள். வீட்டுக்காரர் பரமட்டாவில் கணக்காளர். மனைவி ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆங்கிலம் பேச வராது. முதல் குழந்தை, பெண். பிள்ளைப்பேறு பார்க்கக் கணவரின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார்.

தாயும் குழந்தையும் இருந்த முன்னறையில்தான் ஹீற்றர். அதற்குப் புகைபோக்கி கிடையாது. அப்படியான ஹீற்றர் எரியும் அறையில் காற்றுத் துளைகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. கூரைக்குக் கீழே சுவரில் இரண்டு துளைகள் இருந்தன. இரண்டையும் அக்கா பழஞ்சேலைக் கிழிசலால் இறுக்கி அடைத்திருந்தார். காஸ் ஆள் கதிரையில் ஏறி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். சுவாலை நீலமாக இல்லை, மஞ்சளாக எரிந்தது. மணமில்லாத நச்சு வாயு அறையில் சேரும், முதலில் தலையிடிக்கும், பிறகு எழும்பவே முடியாது என்றார். குழாயை மூடி, அட்டையைக் கட்டி, கணவரிடம் கையெழுத்து வாங்கினார். துணியை எடுங்கள், திங்கட்கிழமை வந்து சோதித்துத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனார். அவர் சொன்ன அத்தனையையும் நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

அக்கா சிரித்தார். "பிள்ளை பெத்த உடம்பிலை காத்துப் பட்டால் சன்னி வரும். அவன் என்ன, பெத்தவனோ?"

மனைவி கட்டிலில் இருந்தபடி மெதுவாகச் சொன்னாள்: "மச்சாள், எனக்குத் தலையிடிதானே. குசினிக்குள்ளை வந்து நிண்டால் விட்டிடுது."

"குசினிக்குள்ளை சாப்பாடு கிடக்கெல்லே, அதுதான் விடுது."

கணவர் சிரித்தார். துணியை யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை முப்பத்தொன்று, பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள்: குழந்தைக்குத் தலைமயிர் இறக்கி, தாயையும் பிள்ளையையும் முழுகவார்த்து, துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழிக்கும் நாள். தெரிந்த குடும்பங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். திங்கட்கிழமை வரை அந்த அறை குளிரில் கிடக்கும்.

வெள்ளி காலை கேற்றடியில் கணவரை மறித்து அட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"ஆக்கள் வந்து பிள்ளையைப் பாக்கேக்கை சிவப்பா ஒண்டு தொங்க வேணுமோ? நாலு பேர் கதைக்க மாட்டினமோ?"

"அண்ணை, துணியையாவது எடுங்கோ."

"தம்பி, நீர் பின்னறைக்குத்தானே வாடகை தாறீர்? முன்னறைக்கு இல்லையே."

சனி காலை குழந்தைக்கு மொட்டை அடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார்கள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கணவர் வந்து அடுப்படியிலிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டார். தாயையும் பிள்ளையையும் முழுகவார்த்து உள்ளே விட்டு, அக்கா கதவைச் சாத்தினார்.

விருந்தினர் வந்த பிறகு குழந்தையைக் காட்ட அவளைக் கூப்பிட்டார்கள். நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கால் தடுமாறியது.

"என்ன பிள்ளை, அவர் சாராயம் பருக்கினவரோ?" என்றார் வந்திருந்த ஓர் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள்.

"சத்தி வருது," என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆக்களைக் கண்டால் இவவுக்கு எல்லாம் வரும்," என்றார் அக்கா. "போய்ப் படும். பிள்ளையையும் கொண்டு போம், ஈரத்தலை."

நான் எழுந்து, "அக்கா, அந்த அறை வேண்டாம், என்ரை அறையிலை படுக்கட்டும்," என்றேன்.

"வாடகைக்கு இருக்கிற பெடியன்ரை கட்டிலிலையோ?"

இதற்கும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கே போனாள். கதவு சாத்தப்பட்டது. நான் போய்த் திறந்தேன். கணவர் பின்னாலேயே வந்து சாத்தினார். பிறகு கதவடியிலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பாயசம் பரிமாறியபோது, உள்ளே பிள்ளை பாலுக்கு அழவில்லையே என்று ஒரு பெண் கேட்டார். நித்திரை என்றார் அக்கா. அந்தப் பெண்தான் எழுந்து போய்த் திறந்தார். தாய் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். குழந்தை அவளுடைய கையில் இருந்தது. நான் குழாயை மூடி யன்னலைத் திறந்தேன். அம்புலன்ஸ் வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள். குழந்தை விழிக்கவில்லை.

பொலிஸ்காரர் ஒவ்வொருவராகக் கேட்டார். கண்டதைச் சொன்னேன். கணவர் ஹீற்றரைப் பற்றவைத்ததைப் பார்த்தீரா என்றார். நெருப்புப் பெட்டியோடு போனதைப் பார்த்தேன், பற்றவைத்ததைப் பார்க்கவில்லை என்றேன். அவள்தான் பற்றவைத்தாள், அட்டையிலிருந்த ஆங்கிலம் அவளுக்கு விளங்கியிருக்காது என்று கணவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அவளிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். அவள் தமிழில் சொன்னதைப் பொலிஸ்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னவர் அவளுடைய கணவர்.